கதைப் புத்தகத்து டிசைனர்களுக்கு ஒரு தையல் வகுப்பு

பாளையங்கோட்டைத் தெற்கு பஜாரை ஒட்டிய தெரு ஒன்றில், பத்து வயதிலிருந்து பதின்மூன்று வயது வரையுள்ள பெண்பிள்ளைகளுக்கென்று கோடை விடுமுறையில் மட்டும் நடக்கும் தையல் வகுப்பைப் பற்றியது இந்த மதிப்புரை. வகுப்புக்குப் பெயரும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. 'தையல் டீச்சர் வீடு' என்று கேட்டால் அந்தப் பகுதியில் யாரும் கை காட்டிவிடுவார்கள். எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, தெருவையும் தம் பெயரையும் போட வேண்டாம், இருக்கிற பிள்ளைகளுக்கே மிஷின் போதவில்லை என்று டீச்சர் கேட்டுக்கொண்டார். ஆகவே, இடம் தேடுவது உங்கள் பாடு. பிள்ளையை அங்கே அனுப்பலாமா என்ற கேள்விக்கு என் பதில், அனுப்பலாம் என்பதுதான். ஆனால் அங்கே கிடைக்காத ஒன்றை வீட்டில் நீங்கள்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

இந்த வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேரைக் கொண்டுவந்து சேர்ப்பது கதைப் புத்தகங்கள். எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையிலான வாசகர்களுக்கென்று ஆங்கிலத்தில் எழுதப்படும் நாவல்களில், ஆடை வடிவமைப்பாளராகத் துடிக்கும் சிறுமியின் கதை ஒரு தனி வகையாகவே வளர்ந்திருக்கிறது. பள்ளி நூலகத்திலும் இணையக் கடைகளிலும் அவை தாராளமாகக் கிடைக்கின்றன. தமிழில் இந்த வயதுக்கென எழுதப்படும் நாவல்களே குறைவாக இருக்கையில், தையலையும் துணியையும் மையமாக வைத்த ஒன்று என் கண்ணில் படவில்லை. கதையின் போக்கு பெரும்பாலும் ஒன்றுதான். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி கையில் எப்போதும் படம் வரையும் ஒரு நோட்டு, பாட்டியிடமிருந்து வந்த ஒரு பழைய தையல் மிஷின், பள்ளியில் அவளைக் கேலி செய்யும் ஒருத்தி, ஊரில் நடக்கவிருக்கும் ஒரு போட்டி, போட்டிக்கு முந்திய இரவில் ஆடைக்கு நேரும் ஒரு விபத்து, விடிவதற்குள் அவள் கண்டுபிடிக்கும் ஒரு மாற்று வழி. போக்கு தெரிந்ததுதான் என்றாலும் இவற்றை நான் குறைத்துப் பேச மாட்டேன். கையால் ஒன்றைச் செய்து முடிப்பதைப் பெருமைக்குரிய வேலையாக அவை காட்டுகின்றன. பிறர் கழித்துப்போட்ட துணியில் அழகைக் காணும் கண்ணைப் பிள்ளைகளுக்குத் தருகின்றன. தோற்றுப்போன முதல் முயற்சியை வெட்கப்படாமல் கதைக்குள் வைக்கின்றன. மதிப்பெண் தவிர வேறு எதையும் பேசாத வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்கு இது சிறிய உதவியல்ல.

ஆனால் இந்த வகைக் கதைகளில் பெரும்பாலும் ஒரே இடத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஓர் அத்தியாயத்தின் முடிவில் பெண் படத்தை வரைந்து வண்ணம் தீட்டி முடிக்கிறாள். அடுத்த அத்தியாயம் தொடங்கும்போது கவுன் தயாராகிவிடுகிறது. நடுவில் அளவெடுத்தது யார், காகிதத்தில் வடிவம் வெட்டியது எப்போது, தையலுக்கென்று எவ்வளவு துணி விட்டார்கள், கை நுழையும் இடம் இறுக்கிப் பிடித்ததா என்ற எதுவும் அங்கே இல்லை. இரண்டு அத்தியாயங்களுக்கும் இடையில் விடுபட்ட அந்தப் பகுதியைத்தான் இந்த வகுப்பு விடுமுறை முழுவதும் நடத்துகிறது. அதை நடத்துகிற விதத்தில் வேறெங்கும் காணாத நேர்மை இருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் தங்கை மகள் சேர்ந்த அன்று தன் நோட்டையும் கையோடு கொண்டு போயிருந்தாள். கழுத்தை ஒட்டிய காலர், முட்டிக்குக் கீழே இறங்கும் மடிப்புகள், முதுகில் ஒரு பெரிய 'போ' (ரிப்பன் முடிச்சு) என்று எல்லாம் வைத்து வரைந்த கவுன் அது. டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"ஏட்டி, படம் அம்சமா இருக்கு. இந்தப் பிள்ளைக்கு இடுப்பு எங்க இருக்கு?"

பிள்ளை ஒரு கோட்டைக் காட்டினாள்.

"சரி, இந்தக் கழுத்து வழியா தலை எப்படி நுழையும்?"

"ஜிப் வைப்பேன் டீச்சர்."

"எந்த இடத்துல? முதுகுல 'போ' இருக்கே, அதைக் கிழிச்சிட்டா?"

கேலியில்லாமல் கேட்ட கேள்விகள் இவை. அடுத்து இஞ்சு டேப்பை எடுத்துப் பிள்ளையின் தலையைச் சுற்றி அளந்தார், 21 அங்குலம். கழுத்தைச் சுற்றி அளந்தார். 12 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டு எண்களையும் அவள் படத்துக்குப் பக்கத்திலேயே எழுதச் சொல்லிவிட்டு, அடுத்த பிள்ளையைப் பார்க்கப் போய்விட்டார். திறப்பு இல்லாத ஒட்டுக் கழுத்து ஏன் ஆகாது என்று அவர் விளக்கவே இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பிள்ளை அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தாள்.

படத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆடை வடிவமைப்புக்கான படங்களில் உருவத்தின் உயரம் தலையைப் போல் ஒன்பது மடங்காக வரையப்படுவது வழக்கம். உண்மையில் வளர்ந்த மனிதரின் உயரம் தலையைப் போல் ஏறக்குறைய ஏழரை மடங்கு. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதைவிடவும் குறைவு. கதைப் புத்தகத்து ஓவியங்களைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் அந்த நீண்ட கால்களை மனத்தில் வைத்தே ஆடையை நினைக்கிறார்கள். அதைத் தங்கள் உடம்பில் போட்டுப் பார்க்கையில் படத்தில் இருந்தது வரவில்லை என்று முகம் வாடுகிறது. டீச்சர் வகுப்பின் தொடக்கத்திலேயே பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி, சாக்பீஸால் கோடு போட்டு, ஒருவர் உயரத்தை அவரவர் தலையளவால் அளக்க வைக்கிறார். தங்கள் உடம்பைக் குறையாக நினைக்கத் தொடங்கும் வயதில், குறை படத்தின் அளவில்தான் என்று எண்ணிக் காட்டுகிற இந்தப் பாடம் எந்தப் பாடத்திட்டத்திலும் இருக்காது.

முதலில் மிஷினில் நூல் கோக்க அனுமதி கிடையாது. கோடு போட்ட நோட்டுத் தாளை ஊசிக்குக் கீழே வைத்து, நூலில்லாமல், கோட்டின் மேலேயே ஓட்ட வேண்டும். ஓட்டி முடித்த தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் ஊசி போன வழி முழுவதும் துளித்துளியாகத் தெரியும். எங்கே கை நடுங்கியது, எங்கே கால் அவசரப்பட்டது என்று பிள்ளைக்கே புரிந்துவிடும். நேர்கோடு வந்த பிறகு வளைகோடு, பிறகு நத்தைக்கூடு போல் உள்ளே சுழன்று போகும் கோடு. மிதி மிஷின்தான் எல்லாருக்கும், மோட்டார் கிடையாது. மேல் சக்கரத்தைத் தன் பக்கமாகச் சுழற்றித் தொடங்க வேண்டும். மிதி எதிர்ப்பக்கம் போய்விட்டால் நூல் சிக்கி அறுந்துவிடும். இந்தக் கால்பழக்கம் வருவதற்குள் சில பிள்ளைகளுக்கு அழுகையே வந்துவிடுகிறது. கால் எட்டாத பிள்ளைகளுக்கு இரண்டு கைமிஷின்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு கை சக்கரத்துக்குப் போய்விடுவதால் துணியைப் பிடிக்க ஒரு கைதான் மிஞ்சுகிறது. ஆனாலும் வேகம் குறைவு என்பதால் தொடக்கக்காரர்களுக்கு அதுவே நல்லது என்று எனக்குத் தோன்றியது.

மிஷினைப் பற்றிய அறிவும் சேர்ந்தே வருகிறது. மேல் நூலும், அடியில் சிறு உருளையில் சுற்றியிருக்கும் பாபின் நூலும் துணியின் நடுவில் ஒன்றையொன்று பூட்டிக்கொள்வதுதான் தையல் என்பதையும், துணியின் அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சேர்ந்தால் கோளாறு பெரும்பாலும் மேல் நூல் கோத்ததில்தான் என்பதையும், பருத்திக்கு 14-ஆம் எண் ஊசியும் மெல்லிய பட்டுக்கு 11-ஆம் எண்ணும் ஜீன்ஸுக்கு 16 அல்லது 18-ஆம் எண்ணும் என்பதையும் பிள்ளைகள் கைவேலையாகவே கற்கிறார்கள். நூல் கண்டை எடுத்துக் காட்டும்போது, பாபநாசத்து அருவித் தண்ணீரின் விசையில் ஹார்வி கம்பெனியார் நூற்பாலை வைத்த கதையை டீச்சர் சொல்லாமல் விடுவதில்லை. விக்கிரமசிங்கபுரத்தில் அந்த ஆலையை நம்பி வளர்ந்த குடும்பங்களைத் தெரியாதவர்கள் நெல்லையில் குறைவு என்பதால், பிள்ளைகளில் யாராவது ஒருத்தி "எங்க தாத்தா அங்கதான் வேலை பார்த்தாவ" என்று சொல்லிவிடுகிறாள்.

துணியை அறிவதற்கு அவர் ஒதுக்கும் நேரம் எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் காடாத் துணி. கஞ்சியோடு கடையிலிருந்து வந்ததை அளந்து குறித்துவிட்டு, தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, மறுபடி அளக்க வேண்டும். சுருங்கிய அளவைப் பார்த்த பிறகுதான், துவைக்காத துணியில் கத்தரி வைக்கக் கூடாது என்ற பாடம். அடுத்து, பாவு எனும் நீளவாக்கு இழை எது, ஊடை எனும் குறுக்கிழை எது என்று துணியை இழுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். நீளவாக்கில் இழுத்தால் துணி அசையாது; அகலவாக்கில் சற்றே கொடுக்கும்; மூலைக்கு மூலை குறுக்காக இழுத்தால் ரப்பர்போல நீளும். வீரவநல்லூரிலிருந்து வந்த ஒரு பிள்ளைக்கு இது சொல்லாமலே தெரிந்திருந்தது. அவள் வீட்டில் தறி இருக்கிறதாம். மற்றவர்களுக்கு அவளே அன்றைக்கு ஆசிரியர்.

இந்த அறிவெல்லாம் ஒன்றுசேரும் இடம், வகுப்பின் பெரிய வேலையான அம்ப்ரெல்லா பாவாடை. கதைகளின் நாயகி ஒரே மாலையில் தைத்து முடித்துவிடுவது போன்ற அதே வட்டப் பாவாடைதான். எங்கள் பிள்ளைக்கு இடுப்பு 24 அங்குலம், பாவாடை நீளம் 22 அங்குலம். இடுப்புச் சுற்றளவு தெரியும், ஆரம் வேண்டும். சுற்றளவை 2π-ஆல் வகுக்கும் ஏழாம் வகுப்புக் கணக்கை டீச்சர் தம் பாணியில் "இடுப்பை ஆறே காலால வகு" என்கிறார். ஏறக்குறைய 3¾ அங்குலம் வருகிறது. ஆனால் அந்தக் கோட்டிலேயே வெட்டிவிடக் கூடாது. பட்டி வைத்துத் தைக்கும்போது அரை அங்குலம் கீழே தையல் விழும். வட்டம் அந்த அரை அங்குலத்துக்கு விரிந்தால் இடுப்பில் மூன்று அங்குலம் கூடிவிடும். ஆகவே அரை அங்குலம் குறைத்து, 3¼ அங்குல ஆரத்தில்தான் வெட்ட வேண்டும். ஒரு பிள்ளை நம்பாமல் நாளிதழ்த் தாளில் இரண்டு விதமாகவும் வெட்டித் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தாள். தையலுக்கான அரை அங்குலத்தைக் கத்தரித்ததும் பெரிய வட்டம் இடுப்பில் நிற்காமல் நழுவியது. பாடப் புத்தகத்தில் மதிப்பெண்ணுக்காகப் போட்ட கணக்கு தன் இடுப்பிலிருந்து நழுவி விழுவதைப் பார்த்த பிள்ளை அதை இனி மறக்கமாட்டாள்.

அடுத்த தடை துணியின் அகலம். கடையில் கிடைக்கும் பாப்ளின் 44 அங்குல அகலம். நான்காக மடித்தால் 22 அங்குல ஆரத்துக்கு மேல் கிடைக்காது. நமக்கோ இடுப்பு ஆரத்தோடு நீளத்தையும் சேர்த்தால் 26 அங்குலம் வேண்டும். ஆகவே ஒரே வட்டமாக வெட்ட முடியாது. இரண்டு அரைவட்டங்களாக வெட்டி இரு பக்கமும் இணைக்க வேண்டும். தையலுக்கும் ஓரத்துக்கும் சேர்த்து 2¾ மீட்டர் துணி. திருநெல்வேலி டவுனில் ரதவீதிகளைச் சுற்றியுள்ள கடைகளில் போய்ப் பிள்ளையே கேட்டு வாங்கி வர வேண்டும் என்பது டீச்சரின் கட்டளை. பெரியவர் கூட வரலாம், பேசக் கூடாது. எங்கள் பிள்ளை முதலில் இரண்டு மீட்டர் போதும் என்ற கடைக்காரரிடம் தலையாட்டிவிட்டு, பிறகு நோட்டை விரித்து அரைவட்டங்களை வரைந்து காட்டி, "இல்லை அண்ணாச்சி, ரெண்டே முக்கால்" என்று உறுதியாக நின்றதைப் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு பார்க்க நேர்ந்தது.

தைத்து முடித்த பாவாடைக்கு உடனே ஓரம் மடிக்கக் கூடாது. டீச்சர் வீட்டு வளவில் கட்டிய கொடியில், இடுப்புப் பட்டியைக் கிளிப் போட்டு, ஓர் இரவு முழுவதும் தொங்கவிடுகிறார். வட்டமாக வெட்டிய பாவாடையில் சில இடங்களில் துணி நேராக விழும். சில இடங்களில் குறுக்காக விழும். குறுக்கு இடங்கள் தம் எடையாலேயே இறங்கிவிடும். மறுநாள் எங்கள் பிள்ளையின் பாவாடையில் நான்கு இடங்கள் ஏறக்குறைய ஒரு விரல் அகலம் தாழ்ந்திருந்தன. பிள்ளையை ஸ்டூலில் ஏற்றி நிற்கவைத்து, தரையிலிருந்து ஸ்கேலால் அளந்து சுற்றிலும் சாக்பீஸால் குறித்து, கூடுதலை வெட்டி, பிறகுதான் ஓரம் மடிக்கிறார்கள். எந்த நாவலிலும் கதாநாயகி ஆடையைத் தொங்கவிட்டு ஓர் இரவு காத்திருந்ததை நான் படித்ததில்லை. போட்டிக்கு முந்திய இரவில்தானே அவள் தைக்கவே தொடங்குகிறாள்!

டீச்சர் புதியம்புத்தூரில் ஆயத்த ஆடைக் கம்பெனிகளில் பல வருடம் வேலை பார்த்தவர். 'குட்டித் திருப்பூர்' என்று பெயர் வாங்கிய அந்த ஊரில், ஒருவர் காலர் மட்டும், ஒருவர் கை மட்டும் தைத்துத் தள்ளும் வேகத்தை அவர் பார்த்திருக்கிறார். அதனால்தான் இங்கே ஒரு பிள்ளை ஓர் உருப்படியைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தானே செய்ய வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறார் போலும். கோணல் விழுந்த தையலை அவர் பிரித்துத் தருவதில்லை. பிள்ளைதான் பிரிக்க வேண்டும். பிளேடால் சரக்கென்று இழுப்பதற்கும் தடை. மூன்று தையலுக்கு ஒரு தையல் அறுத்து, மறுபக்க நூலை உருவ வேண்டும். அப்போதுதான் துணி கிழியாமல் பிரியும். பிரிக்கிற வேலைக்கென்று வாசல் பக்கம் ஒரு திண்ணை ஒதுக்கப்பட்டிருக்கிறது. எந்த நேரம் போனாலும் அங்கே இரண்டு பிள்ளைகளாவது உட்கார்ந்து பேசிக்கொண்டே பிரித்துக்கொண்டிருப்பதால், தண்டனைக்குரிய இடமாக அது தெரியவில்லை.

வளர்கிற பிள்ளைக்குத் தைப்பது பற்றிய பாடமும் அருமை. பட்டுப்பாவாடையில் கீழ்ப்பக்கம் இரண்டு, மூன்று டக் (மடிப்பு) பிடித்துத் தைத்துவிட்டு, வருடத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிடுவது நம் ஆச்சிமார் செய்துவந்ததுதான். அதை அவர் பழைய பாவாடை ஒன்றைக் கொண்டே காட்டுகிறார். பிரித்த டக்குகள் இருந்த இடத்தில் சாயம் மங்காத பட்டைகள் தெரிகின்றன. ஆடை வடிவமைப்பு என்றால் ஒரு நாள் மேடையில் நடப்பதற்கான உருப்படி என்று கதைகளில் படித்த பிள்ளைகள், நான்கு வருடம் உடுத்துவதற்கும் வடிவமைப்பு உண்டு என்பதை அந்தப் பட்டைகளைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள்.

கைத்தையலைச் சுருக்கமாக முடித்துவிடுகிறார்கள். ஓட்டுத் தையல், பின் தையல், ஹெம்மிங், காஜா, கொக்கி, அவ்வளவுதான். இது எனக்குச் சற்றுக் குறையாகவே பட்டது. நெல்லைச் சீமைக்கு நுண்ணிய கைவேலையில் ஒரு வரலாறு உண்டு. 1844-இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்த எலைசா, நாகர்கோவிலில் தம் தாய் மார்த்தா மால்ட் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த லேஸ் பின்னலை அங்கேயும் தொடங்கிவைத்தார். படிக்கவும் சம்பாதிக்கவும் வழியில்லாதிருந்த பெண்களின் கையில் அது காசாக வந்து சேர்ந்தது. ஒரு வாரமாவது பூத்தையலுக்கும் லேஸுக்கும் ஒதுக்கியிருந்தால் பிள்ளைகள் மகிழ்ந்திருப்பார்கள். டீச்சரிடம் கேட்டதற்கு, "அதுக்குப் பொறுமை வேணும், இதுகளுக்கு லீவு முடிஞ்சிரும்" என்றார்.

பெரிய குறை வேறொன்று. பிள்ளை கொண்டுவரும் கற்பனைக்கு இந்த வகுப்பில் முதல் நாளுக்குப் பிறகு இடமே இல்லை. அந்த நோட்டை அளவெழுதத் திறக்கிறார்கள். வரைவதற்கு யாரும் திறக்கச் சொல்வதில்லை. எல்லாரும் தைப்பது ஒரே பாவாடை, ஒரே மாதிரி கை வைத்த மேல்சட்டை, ஒரே ஜோல்னாப் பை. வண்ணத்தைத் தேர்ந்தெடுப்பது மட்டும்தான் பிள்ளையின் உரிமை; அதிலும் "அழுக்குத் தாங்குற கலரா எடு" என்ற அறிவுரை வந்துவிடுகிறது. கதைப் புத்தகம் ஊட்டிய ஆசையில் பாதியை இப்படி அணைத்துவிடுவது சரியில்லை. பிற்காலத்தில் இதே துறைக்குப் போக நினைக்கிற பிள்ளைக்கும் இது போதாது. 1986-இல் தொடங்கப்பட்ட தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டின் சென்னை வளாகம் 1995-இலிருந்து இயங்குகிறது. அங்கே நான்கு வருட வடிவமைப்புப் பட்டப் படிப்பில் சேர எழுதும் நுழைவுத் தேர்வில் வரைந்து காட்டும் தாள் ஒன்று உண்டு. கொடுக்கப்பட்ட பொருள்களைக் கொண்டு அங்கேயே ஒன்றைச் செய்து காட்டும் தேர்வும் உண்டு. பின்னதற்கு இந்த வகுப்பு நல்ல அடித்தளம். முன்னதற்கு எதுவும் செய்வதில்லை.

இத்தனைக்கும் வரைவதற்கான பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது. திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலுக்கு ஒரு காலைப்பொழுது பிள்ளைகளை அழைத்துப் போனால் போதும். நாயக்கர் காலத்துச் சிற்பங்கள் அவை. குறத்தியின் இடையில் இறுகச் சுற்றிய ஆடையின் மடிப்புகள், ரதியின் அணிகள், கர்ணனின் கச்சையில் விழும் கரைக்கட்டு ஆகியவற்றை அங்கே கல்லில் இவ்வளவு தெளிவாகச் செதுக்கியிருக்கையில், துணி உடம்பில் எப்படி விழும் என்பதைப் படிக்க வெளிநாட்டுப் புத்தகத்தின் ஓவியத்தைத் தேட வேண்டியதில்லை. நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையையும் நோட்டையும் கூட்டிக்கொண்டு போனோம். அவள் குறத்தியின் முன்னால் உட்கார்ந்து வரைந்தபோது, மடிப்பு ஒவ்வொன்றும் எங்கிருந்து தொடங்குகிறது என்று கேட்டுக் கேட்டு வரைந்தாள். வகுப்புக்குப் போகுமுன் அவளுக்கு அந்தக் கேள்வி வந்திருக்காது. டீச்சர் சொல்லிக்கொடுப்பதும் இப்படி வரைவதும் சேர்ந்தால்தான் முழுமை. இரண்டாவதை இப்போதைக்குப் பெற்றோர்தான் செய்ய வேண்டும்.

ஆண்பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை என்பதும் எனக்கு உடன்பாடில்லாதது. நம் ஊர்க் கடைத்தெருக்களில் சட்டை, பேன்ட் தைப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். சோடா புட்டிக் கண்ணாடியோடு பிளவுஸுக்குக் கை வைத்துத் தருகிற பெரியவர்களையும் பார்க்கிறோம். அப்படியிருக்க, அக்காளைக் கொண்டுவிட வந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பையன் ஒருவனைத் திருப்பி அனுப்புவதற்கு, இடம் போதவில்லை என்ற காரணம் முழுக் காரணமாகத் தெரியவில்லை.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும் ஓவர்லாக் மிஷின் உள்ளறையில் பூட்டியிருக்கிறது. அதைப் பெரியவர்கள்தான் இயக்குகிறார்கள். தீக்காயம் படாதபடி இஸ்திரிப் பெட்டியும் டீச்சர் கையில்தான். ஆனால் மிஷின்களில் ஊசிக்கு முன்னால் விரல் போகாதபடி தடுக்கும் கம்பி கிடையாது. அது அதிக விலையுள்ள பொருளும் அல்ல. பத்து வயதுப் பிள்ளைகள் ஓட்டுகிற மிஷினுக்கு அவசியம் மாட்ட வேண்டியது. மே மாத வெயிலில் மின்சாரம் போய்விட்டால், மிதி மிஷின் என்பதால் வேலை நிற்காது என்றாலும், கூடத்தில் வெளிச்சம் குறைந்து ஊசியில் நூல் கோக்க முடியாமல் போகிறது. இன்வெர்ட்டர் போடப்போவதாக டீச்சர் சொல்கிறார்.

இந்த வகுப்புக்கு மாற்றாகப் பெற்றோர் நாடுவது பெரும்பாலும் இணையத்தில் கிடைக்கும் 'சின்ன டிசைனர்' பெட்டிகளைத்தான். ஒட்டுப்படங்கள், காகிதப் பொம்மை, பாட்டரியில் ஓடும் கையடக்க மிஷின் எல்லாம் அதில் இருக்கும். அந்தக் கையடக்க மிஷின்கள் பலவற்றில் ஒற்றை நூலில் சங்கிலித் தையல்தான் விழும். முடிச்சிடாமல் நுனியை இழுத்தால் தையல் முழுவதும் பிரிந்து வந்துவிடும். ஒரு மழைநாள் பொழுதைப் போக்க அது போதும். பிள்ளை உண்மையாகவே தைக்க விரும்பினால் அந்தப் பணத்தில் நல்ல கத்தரியும் மூன்று மீட்டர் காடாத் துணியும் வாங்கிக் கொடுப்பது மேல்.

வகுப்புக் கட்டணம், நம் ஊரில் இரண்டு லைனிங் பிளவுஸ் தைக்கக் கொடுக்கும் கூலிக்கு மேல் போகாது. துணியும் நூலும் நம் செலவு. முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு சேர்க்கை முடிந்துவிடுவதால் பங்குனி மாதத்திலேயே போய்ச் சொல்லிவைப்பது நல்லது. பிள்ளைக்குப் பத்து வயது நிரம்பாவிட்டால் டீச்சர் சேர்ப்பதில்லை, சிபாரிசும் எடுபடாது. காலை வகுப்பில் கூட்டம் அதிகம்; வெயிலைப் பொருட்படுத்தாத பிள்ளை என்றால் பிற்பகல் வகுப்பில் ஒரு மிஷின் தனக்கென்று கிடைக்கும். சொந்தக் கத்தரி, இஞ்சு டேப், இரண்டு நிறத்தில் சாக்பீஸ், ஊசிப் பொட்டலம், கோடு போட்ட நோட்டு ஆகியவை கொண்டு போக வேண்டும். கத்தரி மட்டும் புதிதாக இருக்கட்டும். வீட்டில் பால் பாக்கெட்டும் காகிதமும் வெட்டிய கத்தரியைக் கொண்டுபோன பிள்ளைகளை முதல் நாளே சாணை பிடிக்கிறவரிடம் அனுப்பிவிட்டார்.